ஆறு நின்ற இடம்: ஒஹாயோ எல்லைப்புறப் போர்களில் நீர்வழிப் படைவழங்கல் (1776–1795)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் தோன்றிய முதல் இருபது ஆண்டுகளில் அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே நடந்த போர்களுக்கு ஒஹாயோ ஆறே முதன்மை வழியாக இருந்தது. மாவு, வெடிமருந்து, துப்பாக்கி, பீரங்கி, ஆடை ஆகியவற்றோடு படைவீரர்களும் படகுகளில் ஆற்றின் போக்கில் இறங்கினர். இப்போர்களின் வெற்றி தோல்விகளைத் தளபதிகளின் திறமையாலும் வீரர்களின் பயிற்சியாலும் விளக்குவது வழக்கம். ஆற்றுவழி தடைப்பட்ட இடங்களும் காலங்களும், அதாவது கோடையில் நீர் வற்றிய மணல்திட்டுகள், விரைநீர்ப் பகுதிகள், படகு செல்லக்கூடிய எல்லை, இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட தரைவழி ஆகியவை, போரின் போக்கை எவ்வாறு வரையறுத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1791ஆம் ஆண்டின் தோல்வியையும் 1794ஆம் ஆண்டின் வெற்றியையும் ஒப்பிட்டு, நீர்வழியும் தரைவழியும் இணையும் புள்ளிகளைக் காத்துக்கொள்ளும் ஆற்றலே இரண்டிற்கும் இடையிலான முக்கிய வேறுபாடு என நிறுவ முயல்கிறது. 1795ஆம் ஆண்டின் கிரீன்வில் உடன்படிக்கை அப்புள்ளிகளைப் பெயர் சுட்டிக் கைப்பற்றியமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒஹாயோ ஆறு, படைவழங்கல், கீல் படகு, சுமைவழி, ஒப்பந்த முறை, செயின்ட் கிளேர், அந்தோனி வேன், கிரீன்வில் உடன்படிக்கை

முன்னுரை

படை நடத்துதல் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் போர்க்களத்தில் தொடங்கிப் போர்க்களத்திலேயே முடிகின்றன. களத்திற்கு வந்து சேர்ந்த வீரன் அன்று காலை என்ன உண்டான், அந்த உணவு எங்கிருந்து எவ்வழியாக வந்தது என்னும் வினாக்கள் பின்னிணைப்புக்குத் தள்ளப்படுகின்றன. சாலைகளற்ற நிலப்பரப்பில் நடந்த போர்களைப் பொறுத்தவரை இந்தப் புறக்கணிப்பு வரலாற்றையே திரித்துவிடும். அத்தகைய நிலப்பரப்பில் எங்கே போரிடுவது, எப்போது போரிடுவது என்பதைப் பெருமளவு வழங்கலே முடிவு செய்தது.

1791 நவம்பர் 4 அன்று, இன்றைய ஒஹாயோ மாநிலத்தின் மேற்கெல்லையில் வாபாஷ் ஆற்றின் தலைநீர்க் கரையில் முகாமிட்டிருந்த ஆர்தர் செயின்ட் கிளேரின் படையைப் பூர்வகுடிக் கூட்டமைப்பினர் விடியலில் தாக்கினர். அறுநூறுக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தனர். பூர்வகுடியினரிடம் அமெரிக்கப் படை கண்ட மிகப் பெரிய தோல்வி இதுவே. ‘செயின்ட் கிளேரின் தோல்வி’ என்று தோற்றவர் பெயராலேயே இந்நிகழ்வு வழங்குவது, வென்றவர்களின் திறமையை மறைக்கிறது எனக் காலின் காலொவே போன்ற அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். அக்கருத்தை ஏற்றுக்கொண்டே, இக்கட்டுரை வேறொரு வினாவை எழுப்புகிறது. ஜூலையில் புறப்பட வேண்டிய படை நவம்பரின் உறைபனியில் ஏன் அங்கு நின்றுகொண்டிருந்தது? அப்படையின் சிறந்த பிரிவு அன்று ஏன் களத்தில் இல்லை? இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடை ஆற்றங்கரையிலிருந்து தொடங்குகிறது.

1. ஆறும் அதன் பருவமும்

அலெகேனி, மோனோங்காகேலா ஆகிய இரு ஆறுகளும் பிட்ஸ்பர்க்கில் கூடி ஒஹாயோவாகின்றன. அங்கிருந்து 981 மைல் தொலைவு ஓடி அது மிசிசிப்பியில் கலக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1754இல் இக்கூடலில் டுகேன் கோட்டையை எழுப்பியதற்கும், ஆங்கிலேயர் 1758இல் அதைக் கைப்பற்றிப் பிட் கோட்டையைக் கட்டியதற்கும் காரணம் ஒன்றே. கூடலைக் கையில் வைத்திருப்பவர் கீழ்நோக்கிச் செல்லும் நீர்வழி முழுவதற்கும் வாயில் காப்பவர் ஆவார்.

எனினும் இந்த வாயில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கவில்லை. இன்றுள்ள அணைகளும் நீர்ப்பூட்டுகளும் பிற்காலத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஒஹாயோ பருவத்திற்குக் கட்டுப்பட்ட ஆறு. பனி உருகி மழையும் சேரும் இளவேனிலில் நீர் பெருகும். இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் பெய்யும் மழையால் மீண்டும் ஓரளவு உயரும். இடைப்பட்ட ஜூலை முதல் அக்டோபர் வரையான மாதங்களில் மேல்பகுதியில் மணல்திட்டுகள் தலைகாட்டும். குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் மிதந்து வந்து படகுகளை நொறுக்கும். இதற்கு நன்கறியப்பட்ட சான்று சற்றுப் பிற்காலத்தில் கிடைக்கிறது. 1803இல் மெரிவெதர் லூயிஸ் தம் பெரும்படகு கட்டி முடியும்வரை காத்திருந்து ஆகஸ்டு 31 அன்றுதான் பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட முடிந்தது. நீர் மிகவும் வற்றியிருந்ததால் கரையோரக் குடியானவர்களிடம் காளைகளைக் கூலிக்கு அமர்த்திப் படகைத் திட்டுகளின் மேல் இழுக்க நேர்ந்தது.

நீர் நிறைந்திருந்த காலத்திலும் ஓர் இயற்கைத் தடை இருந்தது. இன்றைய லூயிவில் நகருக்கருகே ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்திற்கு ஆறு சுண்ணாம்புப் பாறைகளின் மீது 26 அடி இறங்கியது. ‘ஒஹாயோ அருவி’ எனப்பட்ட இவ்விரைநீர்ப் பகுதியைக் கீழ்நோக்கிக் கடக்கத் துணிவும் நீர்ப்பெருக்கும் தேவைப்பட்டன. மேல்நோக்கி வருவோர் பெரும்பாலும் சரக்கை இறக்கித் தோளில் சுமந்தே கடந்தனர்.

2. படகுகளும் உழைப்பும்

ஆற்றின் தன்மைக்கேற்பப் படகுகளும் இருவகையாக அமைந்தன. முதலாவது தட்டைப் படகு. பலகைகளால் பெட்டிபோலக் கட்டப்பட்ட இப்படகு கீழ்நோக்கி மட்டுமே செல்லும். சேருமிடம் வந்ததும் அதைப் பிரித்து மரமாக விற்றனர், அல்லது வீடும் கொட்டிலும் கட்டப் பயன்படுத்தினர். இரண்டாவது கீல் படகு. அடிப்புறத்தில் நீண்ட முதுகுமரம் பொருத்தப்பட்டு, இருமுனைகளும் குறுகி, ஐம்பது முதல் எழுபது அடி வரை நீளமுடைய இப்படகு எதிர்நீரிலும் செல்லக்கூடியது. சரக்கு ஏற்றிய நிலையிலும் இரண்டடி நீர் அதற்குப் போதும்.

எதிர்நீர்ப் பயணம் மனித உடலின் ஆற்றலையே நம்பியிருந்தது. படகின் இருபுறமும் அமைந்த நடைபலகையில் ஆட்கள் வரிசையாக நின்று, கழியை ஆற்றடியில் ஊன்றி, அதன் தலையைத் தோளில் தாங்கி, முன்னிருந்து பின்னாக நடந்து படகைத் தள்ளினர். ஆழம் மிகுந்த இடங்களில் கரையில் இறங்கி நீண்ட கயிற்றால் இழுத்தனர். அதுவும் இயலாதபோது, மேலே உள்ள மரத்தில் கயிற்றைக் கட்டிப் படகிலிருந்து சுருட்டி இழுத்தனர். கீழ்நோக்கி நாள்களில் கடந்த தொலைவை மேல்நோக்கி வாரங்களில் கடக்க வேண்டியிருந்தது. படைவழங்கலைப் பொறுத்தவரை இதன் பொருள் தெளிவானது. கீழே அனுப்பிய பொருளைத் திரும்பப் பெறுவது அரிது. தவறான பொருள் சென்றுவிட்டால் அவ்வாண்டில் அதைத் திருத்துவதும் அரிது.

3. எதிர்நீரில் வந்த வெடிமருந்து (1776–1781)

விடுதலைப் போரின் முதல் ஆண்டுகளில் மேற்கெல்லையின் பெருங்குறை வெடிமருந்து. கிழக்குக் கடற்கரையிலிருந்து மலைகளைக் கடந்து அதைக் கொண்டுவருவது கடினம். ஆகவே விர்ஜீனியா அரசு எதிர்த்திசையை நோக்கியது. 1776 ஜூலையில் ஜார்ஜ் கிப்சனும் வில்லியம் லின்னும் வணிகர்களைப் போலப் பிட் கோட்டையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஸ்பானிய ஆட்சியிலிருந்த நியூ ஆர்லியன்ஸை அடைந்தனர். அங்கு வாழ்ந்த ஐரிய வணிகர் ஆலிவர் பொல்லாக், ஆளுநர் லூயிஸ் டி உன்சாகாவிடம் பேசி அரசுக் கிடங்கிலிருந்து வெடிமருந்து பெற்றுத் தந்தார். ஆங்கிலேயரின் ஐயத்தைத் தணிக்க கிப்சன் பெயரளவில் சிறையிலடைக்கப்பட்டார். செப்டம்பரில் லின் 98 பீப்பாய்களில் ஏறத்தாழ 9,000 பவுண்டு வெடிமருந்துடன் எதிர்நீரில் புறப்பட்டார். வழியில் ஆர்க்கன்சாஸ் நிலையத்தில் குளிர்காலத்தைக் கழித்து, ஒஹாயோ அருவியில் பீப்பாய்களைத் தோளில் சுமந்து கடந்து, 1777 மே 2 அன்று வீலிங்கை அடைந்தார். இறங்கச் சென்றது ஒரு மாதம். ஏறி வந்தது ஏழு மாதங்களுக்கு மேல்.

1778இல் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் ஏறத்தாழ 175 பேருடன் இதே ஆற்றில் இறங்கி, ஜூலை 4 அன்று காஸ்காஸ்கியாவைக் கைப்பற்றினார். அவருக்கு எதிராக டெட்ராய்ட்டிலிருந்து புறப்பட்ட ஆங்கிலத் துணைநிலை ஆளுநர் ஹென்றி ஹாமில்டன் ஈரி ஏரி, மாமி ஆறு, வாபாஷ் ஆறு எனும் வழியைத் தேர்ந்தார். மாமிக்கும் வாபாஷின் கிளையாற்றுக்கும் இடையில் படகையும் சரக்கையும் தரைவழியே தூக்கிச் செல்ல வேண்டிய இடைவழி ஒன்று உண்டு. இத்தகைய இடைவழியை இக்கட்டுரை ‘சுமைவழி’ எனக் குறிக்கிறது. அதைக் கடந்தபின்னும் ஓடையில் நீர் போதவில்லை. நீர்நாய் இனத்தைச் சேர்ந்ததன்று, கொறிவிலங்கான பீவர் கட்டியிருந்த அணைகளை வெட்டி, தேங்கிய நீர் பாயும்போது படகுகளை மிதக்கவிட்டே அவர் படை முன்னேறியது. அக்டோபர் 7 அன்று புறப்பட்டவர் டிசம்பர் 17 அன்றுதான் வின்சென்ஸ் சேர்ந்தார். அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டதால் அவருடைய படையின் ஒரு பகுதி கலைந்து சென்றது. 1779 பிப்ரவரியில் வெள்ளத்தில் நடந்து வந்த கிளார்க் அவரைச் சிறைப்பிடித்தார். ஆனால் கிளார்க்கின் பீரங்கிகளை ஏற்றி வாபாஷில் எதிர்நீரில் வந்த ‘வில்லிங்’ என்னும் படகோ கோட்டை பணிந்த பின்னரே வந்து சேர்ந்தது. இரு தரப்பினரும் ஒரே ஆற்றின் தடைகளுக்கு ஆளாயினர்.

இக்காலத்தின் இரு இழப்புகள் மற்றோர் உண்மையையும் காட்டுகின்றன. 1779 அக்டோபரில், நியூ ஆர்லியன்ஸ் வழியாகப் பெற்ற பொருள்களுடன் திரும்பிய டேவிட் ரோஜர்ஸின் படகுக்குழு லிக்கிங் ஆற்று முகத்தருகே தாக்குண்டு பெரும்பாலோர் மாண்டனர். 1781 ஆகஸ்டு 24 அன்று, கிளார்க்கைப் பின்தொடர்ந்து ஆற்றில் இறங்கிய ஆர்ச்சிபால்ட் லாக்ரியின் ஏறத்தாழ நூறு பேர் கொண்ட குழு, உணவு சமைக்கவும் குதிரைகளை மேய்க்கவும் கரையிறங்கியபோது ஜோசப் பிராண்ட்டின் படையிடம் சிக்கியது. அக்குழுவில் ஒருவர்கூடத் தப்பவில்லை; அனைவரும் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். உணவு குறைந்துவிட்டது எனக் கிளார்க்குக்கு அனுப்பிய கடிதமே பிராண்ட்டின் கையில் அகப்பட்டு அவர்களுடைய நிலையைக் காட்டிக்கொடுத்தது. நடு ஆற்றில் படகு ஓரளவு பாதுகாப்பானது. கரையைத் தொடும் நொடியே ஆபத்தானது. படகு கரையைத் தொடுவதோ பெரும்பாலும் உணவுக்காகவே.

4. நாட்படியும் பொதியும்: ஒரு கணக்கு

1790ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு வீரனின் நாட்படி ஒரு பவுண்டு மாட்டிறைச்சி அல்லது முக்கால் பவுண்டு பன்றியிறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு, சிறிதளவு மது. இவற்றுடன் உப்பு, காடி, சவர்க்காரம், மெழுகுவர்த்தி ஆகியவை நூறு படிக்கு இவ்வளவு என வகுக்கப்பட்டன. மாட்டிறைச்சி தன் காலாலேயே நடந்து வரும். மந்தையாக ஓட்டிச் சென்றால் போதும். ஆகவே வழங்கலின் உண்மையான சுமை மாவு.

2,000 வீரர்களுக்கு ஒரு மாதத்திற்கு 60,000 பவுண்டு மாவு தேவை. 20 டன் ஏற்றும் கீல் படகொன்று 40,000 பவுண்டு சுமக்கும். எனவே நீர் இருந்தால் இரு படகுகளுக்குள் ஒரு மாத மாவு அடங்கிவிடும். பொதிகுதிரை ஒன்றின் சுமையை 200 பவுண்டு எனக் கொண்டால், அதே மாவுக்கு 300 பொதிகள் வேண்டும். ஒஹாயோக் கரையில் இன்றைய சின்சினாட்டியில் இருந்த வாஷிங்டன் கோட்டையிலிருந்து வடக்கே ஜெஃபர்சன் கோட்டை ஏறத்தாழ 70 மைல். நாளொன்றுக்கு 15 மைல் நடந்தால் ஒரு குதிரை மாதத்திற்கு மூன்று முறை சென்று திரும்பலாம். அவ்வாறாயின் மாவுக்கு மட்டும் நூறு குதிரைகள் ஓய்வோ நோயோ இழப்போ இன்றி இடைவிடாது நடக்க வேண்டும். வெடிமருந்து, கூடாரம், கருவிகள் ஆகியவை தனி. குதிரைக்குரிய தானியத்தையும் சுமந்தால் பொதியின் ஒரு பங்கைக் குதிரையே தின்றுவிடும். சுமக்காவிட்டால் வழியிலுள்ள புல்லை நம்ப வேண்டும். அக்டோபரில் உறைபனி அப்புல்லைக் கருக்கிவிடும்.

இக்கணக்கு மதிப்பீடேயாயினும், ஆற்றங்கரை வரை எளிதாக வந்த பொருள் அங்கிருந்து உள்நாட்டிற்குள் செல்லும்போது எவ்வளவு பெரும்பாரமாகிறது என்பதைத் தெளிவாக்குகிறது. அதேவேளையில் அப்பாரம் தாங்க இயலாததன்று என்பதையும் இது காட்டுகிறது. காலத்தே பணமும் குதிரைகளும் காவலும் கிடைத்தால் ஒரு படையை அவ்வழியில் உண்பித்திருக்க முடியும். 1791இல் இம்மூன்றும் கிடைக்கவில்லை.

5. காலம் தவறிய படை (1791)

1790 அக்டோபரில் ஜோசியா ஹார்மரின் படை கெகியோங்காவில் ஏறத்தாழ 20,000 புஷல் சோளத்தை அழித்துவிட்டு இழப்புடன் திரும்பியது. அடுத்த ஆண்டு பெரும்படை ஒன்றை அனுப்பக் காங்கிரசு மார்ச்சு மாதத்தில் இசைந்தது. ஜூலை 10 அளவில் வாஷிங்டன் கோட்டையில் படை திரண்டு புறப்பட வேண்டும் என்பது திட்டம். செயின்ட் கிளேர் மே மாதத்திலேயே அங்குச் சேர்ந்துவிட்டார். படையும் பொருளும்தாம் வரவில்லை.

இதற்குக் காரணங்கள் மூன்று. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது பணம். உணவு வழங்கும் ஒப்பந்தம் 1790 அக்டோபரில் தியோடோசியஸ் ஃபௌலர் பெயரில் எழுதப்பட்டு, 1791 ஜனவரியில் வில்லியம் டூயருக்கு மாற்றப்பட்டது. கருவூலத் துறையில் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு உதவியாளராக இருந்து விலகிய டூயர், நிலத்திலும் பத்திரங்களிலும் பெருஞ்சூதாட்டம் போன்ற முதலீடுகளில் ஈடுபட்டிருந்தார். மேற்கிலிருந்த அவருடைய முகவர்களுக்கு மாவும் குதிரைகளும் வாங்கப் போதிய பணம் சென்று சேரவில்லை. 1792 மார்ச்சில் அவர் முறிந்து கடனாளிச் சிறைக்குச் சென்றபோது நியூயார்க் நிதிச்சந்தையே நிலைகுலைந்தது.

இரண்டாவது நிருவாகம். படைத்தளவாட அதிகாரியான சாமுவேல் ஹாட்ஜ்டன் பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் நெடுநாள் தங்கிவிட்டார். அவர் அனுப்பிய பொருள்களில் பல பழுதுபட்டவை. வாஷிங்டன் கோட்டையே துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையாகவும் தோட்டா செய்யும் கூடமாகவும் மாறியது.

மூன்றாவது ஆறு. முதலிரு காரணங்களால் கழிந்த ஒவ்வொரு வாரமும் படையை வறட்சிப் பருவத்திற்குள் தள்ளியது. வேனிலின் தொடக்கத்தில் சில நாள்களில் கடந்திருக்கக்கூடிய வழியில், கோடையின் பிற்பகுதியில் படகுகள் திட்டுகளில் தட்டித் தட்டி இறங்கின. இரண்டாம் நிலைத் தளபதி ரிச்சர்டு பட்லரும் ஹாட்ஜ்டனும் செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தனர். ஆற்றின் வற்றல் எதிர்பாராத இடர் அன்று, ஆண்டுதோறும் நிகழ்வது. எனவே இம்மூன்றாம் காரணத்தை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுதல் பொருந்தாது. பிலடெல்பியாவின் தாமதம் ஒஹாயோவில் பன்மடங்காகப் பெருகியது என்பதே சரியான விளக்கம்.

அக்டோபர் தொடக்கத்தில் ஹாமில்டன் கோட்டையிலிருந்து வடக்கே நகர்ந்த படை, ஜெஃபர்சன் கோட்டை கட்டிய இடத்தில் மாவின்றித் தயங்கி நின்றது, நாட்படி குறைக்கப்பட்டது. அக்டோபர் 31 அன்று ஏறத்தாழ அறுபது குடிப்படையினர் படையை விட்டு ஓடினர். பின்னே வந்துகொண்டிருந்த உணவுப் பொதிகளை அவர்கள் கொள்ளையிடுவர் என அஞ்சிய செயின்ட் கிளேர், அவற்றைக் காக்கத் தம் படையிலேயே மிகுந்த பயிற்சியுடைய முதல் ரெஜிமெண்டை, ஏறத்தாழ முந்நூறு பேரை, ஜான் ஹாம்ட்ராமிக்கின் தலைமையில் திருப்பி அனுப்பினார். நான்காம் நாள் விடியலில் லிட்டில் டர்ட்டில், ப்ளூ ஜாக்கெட் ஆகியோரின் வீரர்கள் தாக்கியபோது அந்த ரெஜிமெண்ட் களத்தில் இல்லை. அது மாவுக்குக் காவல் சென்றிருந்தது.

காங்கிரசின் கீழவை இத்தோல்வியை விசாரிக்க 1792 மார்ச்சில் ஒரு குழுவை அமைத்தது. அமெரிக்கக் காங்கிரசு நடத்திய முதல் விசாரணை எனப்படுவது இதுவே. மே மாதத்தில் அளித்த அறிக்கையில், சட்டம் தாமதமாக இயற்றப்பட்டமை, ஒப்பந்தக்காரர் துறையிலும் தளவாடத் துறையிலும் நிலவிய சீர்கேடுகள், வீரர்களின் பயிற்சியின்மை ஆகியவற்றையே காரணங்களாகக் காட்டி, செயின்ட் கிளேரைக் குழு குற்றத்திலிருந்து விடுவித்தது. போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸும் ஹாட்ஜ்டனும் இதை மறுத்ததால் விசாரணை அடுத்த கூட்டத்தொடரிலும் தொடர்ந்தது. படைத் தோல்வியொன்றின் வேரைத் தேடிய மக்களவை முதலில் சென்று சேர்ந்த இடம் மாவுப் பீப்பாய் என்பது கருதத்தக்கது.

6. வேனின் கோட்டைத் தொடர் (1792–1794)

1792இல் தலைமையேற்ற அந்தோனி வேன் பிட்ஸ்பர்க்கிலும், பின்னர் அதற்குச் சற்றுக் கீழே ஆற்றங்கரையில் அமைத்த லீஜியன்வில்லிலும் படையைப் பயிற்றினார். அவருடைய கண்டிப்பான பயிற்சி பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர் ஆற்றைப் பயன்படுத்திய முறை அதே அளவு கவனம் பெறவில்லை. குளிர்காலம் முழுவதும் மேலாற்றங்கரையில், உணவு விளையும் மேற்குப் பென்சில்வேனியாவின் அருகிலேயே படையை நிறுத்திவைத்தார். 1793 ஏப்ரல் 30 அன்று, இளவேனில் நீர்ப்பெருக்கில் படகேறி, மே 5 அன்று சின்சினாட்டியை அடைந்தார். வெள்ளத்தின் மிகுதியால் முகாமிட ஒரே ஓர் இடமே எஞ்சியிருந்தது. ஆகவே தேர்வுக்கு இடமில்லாத் தேர்வு எனும் பொருளில் அதற்கு ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ எனப் பெயரிட்டார். 1791இல் நீரின்மையால் தவித்த அதே ஆற்றில் 1793இல் நீர்மிகுதியே இடையூறாயிற்று. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு, புறப்பட்ட மாதம்.

தளவாட அதிகாரியாக அமைந்த ஜேம்ஸ் ஓஹாரா பிட்ஸ்பர்க் வணிகர். ஆற்றையும் படகையும் சந்தையையும் அறிந்தவர். எனினும் ஒப்பந்த முறை நீடித்தது. எலியட், வில்லியம்ஸ் என்னும் ஒப்பந்தக்காரர்கள் முன்னிலைக் கோட்டைகளில் குறித்த அளவு உணவைச் சேர்க்கத் தவறினர். வேன் அவர்களை மிரட்டியும், தேவைப்பட்டபோது தளவாடத் துறையையே பயன்படுத்தியும் குறையை நிரப்பினார்.

அவருடைய முதன்மை ஏற்பாடு கோட்டைத் தொடர். ஆற்றங்கரையிலிருந்து வடக்கே ஒரு சில நாள் நடைத்தொலைவுக்கு ஒன்றாக வாஷிங்டன், ஹாமில்டன், செயின்ட் கிளேர், ஜெஃபர்சன், கிரீன்வில், ரிக்கவரி எனக் கோட்டைகள் அமைந்தன. இவற்றுள் முற்பகுதியில் உள்ளவை முன்னவர்கள் கட்டியவை. கிரீன்வில்லும் ரிக்கவரியும் 1793இன் இறுதியில் வேன் சேர்த்தவை. இவற்றைப் போர்க்கோட்டைகளாக மட்டும் கருதுதல் போதாது. ஒவ்வொன்றும் ஒரு மாவுக் கிடங்கு. பொதிகுதிரைகள் இரவில் தங்கும் பட்டி.

இதைப் பூர்வகுடிக் கூட்டமைப்பினர் நன்கு உணர்ந்திருந்தனர். 1793 அக்டோபர் 17 அன்று லெஃப்டினண்ட் லோரி காவல் சென்ற இருபது வண்டிகள் கொண்ட வழங்கல் அணியை அவர்கள் தாக்கினர். 1794 ஜூன் 30 அன்று ரிக்கவரி கோட்டைக்கு மாவு இறக்கிவிட்டுத் திரும்பிய நூற்றுக்கணக்கான பொதிகுதிரைகளையும் காவல் படையையும் கோட்டைக்கு வெளியே தாக்கி, மேஜர் வில்லியம் மெக்மஹோனைக் கொன்றனர். இவ்விரு தாக்குதல்களும் ஒரே தெளிவான நோக்கமுடையவை: படையை வெல்வதற்குமுன் அதன் உணவை வெல்லுதல். ரிக்கவரியில் குதிரைகள் அவர்கள் கைக்குச் சென்றன. ஆனால் மாவு அதற்குள் கோட்டைக்குள் சென்றுவிட்டது, கோட்டையும் நிலைத்தது.

7. எதிர்த்தரப்பின் வழங்கல்

படைவழங்கல் ஒரு தரப்புக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மாமி ஆற்றுப் பள்ளத்தாக்கின் சோள வயல்கள் கூட்டமைப்பின் களஞ்சியமாக விளங்கின. 1794இல் அவ்விடத்தை அடைந்த வேன், இத்துணைப் பரந்த சோள வயல்களை வேறெங்கும் கண்டதில்லை என வியந்து எழுதினார். டெட்ராய்ட்டிலிருந்து ஈரி ஏரி வழியாக வந்த ஆங்கிலேயப் பொருள்கள், மாமி ஆற்றின் விரைநீர்ப் பகுதியருகே அலெக்சாண்டர் மெக்கீயின் கிடங்கில் இறங்கின. அதாவது அத்தரப்பிலும் கப்பல் நின்ற இடமே கிடங்காயிற்று. 1794 இளவேனிலில் ஆங்கிலேயர் அங்கே மையாமிஸ் கோட்டையைக் கட்டினர்.

ரிக்கவரித் தாக்குதலுக்குப் பெருந்தொகையாகத் திரண்ட வீரர்களை நெடுநாள் உண்பிக்கக் கூட்டமைப்பால் இயலவில்லை. வேட்டையை நம்பி வந்த ஏரிப்பகுதி வீரர்களில் பலர் தாக்குதலுக்குப் பின் ஊர் திரும்பினர். ஆகஸ்டு 8 அன்று வேன் ஆக்லேஸ், மாமி ஆறுகளின் கூடலை அடைந்து டிஃபயன்ஸ் கோட்டையை எழுப்பினார். ஆகஸ்டு 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸ் போர் தொடங்கியபோது, போருக்கு முன் நோன்பிருக்கும் மரபினரான வீரர்களில் ஒரு பகுதியினர் பலநாள் காத்திருப்பிற்குப் பின் உணவு பெற மையாமிஸ் கோட்டைக்குச் சென்றிருந்தனர். 1791இல் மாவுக்காகப் பிரிந்தது செயின்ட் கிளேரின் படை. 1794இல் உணவுக்காகப் பிரிந்தது கூட்டமைப்பின் படை. தோற்றுப் பின்வாங்கியோருக்கு ஆங்கிலேயர் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. பின்னர் வேன் ஆற்றின் இருகரைகளிலும் இருந்த வயல்களை எரித்தார். அக்குளிர்காலத்தின் பசியே கூட்டமைப்பை அமைதிப் பேச்சுக்கு இழுத்த முக்கியக் காரணங்களுள் ஒன்று. வழங்கலை அழித்தல் என்பது இங்குக் குடிமக்களின் உணவை அழித்தல் என்றே பொருள்பட்டது. தளவாட வரலாற்றை எழுதுவோர் இவ்வுண்மையை மாவுக் கணக்கிற்குள் மறைத்துவிடலாகாது.

8. உடன்படிக்கையில் எழுதப்பட்ட ஆறு

1795 ஆகஸ்டு 3 அன்று கையெழுத்தான கிரீன்வில் உடன்படிக்கை, இன்றைய ஒஹாயோவின் பெரும்பகுதியைப் பூர்வகுடியினரிடமிருந்து பெற்ற ஆவணமாகவே நினைவுகூரப்படுகிறது. அதன் மூன்றாம் பிரிவு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. எல்லைக்கோட்டிற்கு அப்பால், பூர்வகுடியினரின் நிலமென ஒப்புக்கொள்ளப்பட்ட பகுதிக்குள்ளேயே, பதினாறு சிறு நிலத்துண்டுகளை அமெரிக்க அரசு தனக்கென ஒதுக்கிக்கொண்டது.

அத்துண்டுகள் எங்கு அமைந்தன என்பதே வினா. லோரமீ வணிகநிலையம், செயின்ட் மேரிஸ் ஆற்றில் படகு செல்லக்கூடிய நீரின் தலை, ஆக்லேஸ் ஆற்றில் படகு செல்லக்கூடிய நீரின் தலை, ஆக்லேஸும் மாமியும் கூடும் டிஃபயன்ஸ், வேன் கோட்டை, அதிலிருந்து மேற்கே ஏறத்தாழ எட்டு மைலில் வாபாஷ் பக்கச் சுமைவழியின் முடிவு, மாமி விரைநீரின் அடி, சிகாகோ ஆற்றின் முகம். இவற்றோடு, லோரமீயிலிருந்து சுமைவழியாகச் செயின்ட் மேரிஸ் சென்று ஈரி ஏரி வரை நீராலும் நிலத்தாலும் தடையின்றிச் செல்லும் உரிமையும், சிகாகோவிலிருந்து இல்லினாய்ஸ் ஆறு வரை செல்லும் உரிமையும் எழுதிப் பெறப்பட்டன.

இப்பட்டியலை ஒரு வழங்கல் அதிகாரியின் குறிப்பேடாகவும் படிக்கலாம். 1778இல் ஹாமில்டன் பீவர் அணையை வெட்டித் தவித்த சுமைவழி இதில் இருக்கிறது. 1782இல் கிளார்க்கின் படையினர் எரித்த லோரமீ நிலையம் இருக்கிறது. இருபதாண்டுப் போரில் படகுகள் நின்ற இடங்கள் பல ஏட்டில் ஏறியுள்ளன. ஆற்றோட்டம் இயற்கை தந்தது. அது நிற்கும் இடங்களையோ அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒஹாயோ ஆறு பருவத்திற்குட்பட்ட வழி. அதன் நீர்ப்பெருக்கு நாள்காட்டியே எல்லைப்புறப் போரின் நாள்காட்டியாக இருந்தது. 1791இல் அந்நாள்காட்டி தவறவிடப்பட்டது, 1793இல் பின்பற்றப்பட்டது.

நீர்வழி குறைந்த ஆட்களால் பெருஞ்சுமையைக் கடத்த உதவியது. ஆனால் அது முடிந்த இடத்தில் சுமை மீண்டும் குதிரைகளின் மீதும் மனிதர்களின் மீதும் ஏறியது. 1791இன் தோல்விக்கு முன்னான நாள்களில் படையின் முடிவுகளை இம்மாற்றமே நெருக்கியது. அதற்குப் பொறுப்பு இயற்கையிடம் மட்டும் இல்லை. தாமதமான சட்டத்திடமும் ஒப்பந்தப் பணத்தைக் கைவிட்ட முறையிடமும் உண்டு.

பூர்வகுடிக் கூட்டமைப்பினர் இந்த இணைப்புப் புள்ளிகளின் பலவீனத்தைத் தெளிவாக அறிந்து தாக்கினர். அவர்களும் தத்தம் ஆற்று வழங்கலின் எல்லைகளுக்கு உட்பட்டிருந்தனர்.

கிரீன்வில் உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, போரில் கற்ற வழங்கற் பாடத்தைச் சட்டமாக்கியது. எனவே அதை நிலவுடைமை ஆவணமாக மட்டுமின்றிப் போக்குவரத்து ஆவணமாகவும் படித்தல் வேண்டும்.

எல்லைப்புறம் என்பதை முன்னேறிச் செல்லும் ஒரு கோடாகக் கருதும் பார்வைக்கு மாற்றாக, ஆறு நின்ற இடங்களாலான புள்ளிகளின் தொகுப்பாகக் கருதுவதற்கு இச்சான்றுகள் இடமளிக்கின்றன. அப்புள்ளிகளில் சில பின்னர் டிஃபயன்ஸ், ஃபோர்ட் வேன், சிகாகோ என நகரங்களாயின. அவற்றின் தொடக்கத்தில் ஒரு மாவுக் கிடங்கும், அதைக் காத்தவர்களும், அதன் பொருட்டு நிலம் இழந்தவர்களும் இருந்தனர்.